ஒன்றுபோலச் சொன்னவர்கள்

தலையில் சாயத்தைப் பூசி முடித்து, "அரைமணி நேரம் சார், அசையாம இருங்க, காதுல வழிஞ்சா நாலு நாளைக்குப் போவாது" என்று சொல்லிவிட்டு டில்லிபாபு கைகழுவப் போனபோது, பூவராகனுக்குத் தன்னை ஏதோ விசாரணைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்ததுபோல இருந்தது. கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் இருக்கும் இந்தச் சலூனுக்கு வருஷக்கணக்காக வருகிறார். முடி வெட்டிக்கொள்ள வருவார், இதற்கு வந்ததில்லை. நாளைக்கு மகள் நித்திலாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பொண்ணுக்கு அப்பாவா தாத்தாவான்னு கேட்கப் போறாங்க, போய் அடிச்சிட்டு வாங்க என்று மனைவி மங்கையர்க்கரசி காலையிலேயே துரத்திவிட்டாள். நரைத்தது நரைத்ததுதானே, ஐம்பத்தைந்து வயதில் நரைக்காமல் பூவா பூக்கும் என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. சனிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாயிற்று. அமோனியா நெடி மூக்கில் ஏறியது. நெற்றியோரம் அரித்தது, சொறியக் கூடாது. கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணிக்குள் கைகள் எங்கோ யாருடையவோபோலக் கிடந்தன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டதால் எதிரே கண்ணாடியில் ஒரு கறுப்புக் கட்டியும் அதற்குக் கீழே ஒரு முகக் கலங்கலும்தான் தெரிந்தன, அது யாராகவும் இருக்கலாம். வாழ்நாளெல்லாம் போலியைப் பிடித்தே சோறு தின்றவன் நான், என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. காகிதத்தில் சர்வே எடுத்த காலத்திலேயே அவருக்கு ஆபீசில் சல்லடை என்று பெயர். வெயிலில் வீடு வீடாகப் போகச் சோம்பல்பட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பது குடும்பத்துக்கும் தாங்களே பதில் எழுதிவிடுகிற பையன்களை, பேனா அழுத்தத்தையும் டீக் கறையையும் வைத்தே பிடித்துவிடுவார். எல்லாம் இணையத்துக்குப் போனபிறகு அழுத்தமும் இல்லை கறையும் இல்லை. எந்தப் போனிலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது, ஏற்கெனவே வந்த பதிலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, இவ்வளவுதான். அதற்கு விதிகள் எழுதியவர் அவர். ஒரு போனுக்கு ஒரு பதில். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால் டூப்ளிகேட். இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து வந்தால் எந்திரம். கம்பெனி இன்றைக்கும் அந்த விதிகளைத்தான் ஓட்டுகிறது, அவற்றைத்தான் வாடிக்கையாளருக்குப் பெருமையாகக் காட்டுகிறது. அந்த விதிகள்தான் இப்போது ஒரு ஆலை சர்வேயில் நாற்பத்தொரு பேரைப் பிடித்து ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கின்றன. அவர் ஒப்புதல் கொடுத்தால் நீக்கிவிடும். சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

போன் மடியில் துணிக்கடியில் அதிர்ந்தது. டில்லிபாபு எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். கிஷோர். அவருடைய மேலாளன், வயதில் அவருக்கு மகன் மாதிரி, பேச்சில் எப்போதும் சார் போடுவான், அந்தச் சாருக்கு அடியில் ஒன்றுமே இருக்காது.

"சார், சலூன்லயா? என்ஜாய் பண்ணுங்க. ஒரே ஒரு ஹெல்ப். உங்க லாகின்ல ஒரு ஃபைல் மாட்டிக்கிச்சு, இறக்கணும். ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சொல்லிடுங்க."

"என்ன ஃபைல்?"

"பழைய ஃபைல்தான் சார். அந்தப் பால் பாக்கெட் சர்வே."

பூவராகனுக்கு எழுத்துத் தெரியவில்லை, கண்ணாடி மாட்டினால் சாயம் ஒட்டும். டில்லிபாபு தானாகவே போனைக் கண்ணருகே கொண்டுபோய், ரேஷன் கடையில் கார்டு எண் படிப்பதுபோல உரக்க எண்களைப் படித்தான். தேங்க்யூ சார் என்று குரல் அறுந்தது.

வெளியே ஒரு ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டு, சில்லறைக்குச் சண்டை போட்டுப் போனது. அந்த நாற்பத்தொரு பேரை நீக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை, என்று அவர் மனம் வியாழக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததை மறுபடி சொல்லிப் பார்த்தது. மேற்கே ஒரு நூற்பாலை, பெயர் அறிக்கையில் கூட எண்ணாகத்தான் இருக்கும். அங்கே நூற்ற நூலை வாங்குகிற வெளிநாட்டுக்காரன், வேலை செய்கிற பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். ஆசைப்பட்டான் என்றால் யாரோ எங்கேயோ எழுதிவிட்டார்கள், அதனால் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெங்களூரில் அவனுக்காக இந்த வேலைகளைப் பார்க்கிற சௌந்தரவல்லி அம்மாள் அந்த வேலையைப் பூவராகனின் கம்பெனியிடம் கொடுத்தாள். ஆலை விடுதிச் சுவரில் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டினார்கள், போனைக் காட்டினால் கேள்விகள் திறக்கும். பெயர் எழுத வேண்டாம், பயப்பட வேண்டாம், மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள். முந்நூறுக்கு மேல் பதில் வந்தது. எல்லாம் அழகான பதில். சாப்பாடு நன்று. மேற்பார்வையாளர் மரியாதையாகப் பேசுகிறார். ஓய்வு நேரம் போதுமானது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு போனிலிருந்து, ஒவ்வொன்றும் வேறு வேறு வார்த்தையில், நிதானமாக யோசித்து எழுதின பதில். எந்த விதியிலும் சிக்கவில்லை. பூவராகனுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அந்த முந்நூறும் பத்து மணிக்குத் தொடங்கி வருகின்றன, மத்தியானம் ஒரு மணி நேரம் நின்றுபோகின்றன, பிறகு மறுபடி தொடங்கி ஐந்தோடு முடிகின்றன. மூன்று ஷிப்டு ஓடுகிற ஆலையில் எந்தப் பெண் பத்துக்கு வந்து சாப்பாட்டுக்கு எழுந்து ஐந்துக்கு வீட்டுக்குப் போகிறாள்? ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் கூடை நிறையப் போன்களை வைத்துக்கொண்டு, சாப்பிட்டுக் கைகழுவி வந்து மறுபடி தொடர்கிறவன்தான் அப்படி எழுதுவான். அதற்கு விதி கிடையாது. சாப்பாட்டு நேரத்தைப் பிடிக்கிற விதியை அவர் எழுதவில்லை, அது அவருக்குத் தோன்றவே இல்லை. எந்திரத்தைப் பிடிக்க விதி எழுதினார், மனிதன் உட்கார்ந்து பொய் எழுதினால் அது மனிதன் எழுதியதாகத்தானே இருக்கும்.

"சார் இன்னா வேலை சார் உங்களுக்கு? ஃபைலு, லாகினுன்றீங்க."

"சர்வே கம்பெனி."

டில்லிபாபுவின் குரலில் ஒரு மலர்ச்சி வந்தது. "அட. அப்போ நம்ம லைன்ல தான் கீறீங்க."

"உங்க லைனா?"

"ஆமா சார். ஆள் வராத நேரத்துல சர்வே ரொப்புவேன். ரீசார்ஜ் வரும், கூப்பன் வரும். மூணு போன் கீது, ஒண்ணு என்னுது, ஒண்ணு வீட்டாண்ட, ஒண்ணு மச்சான் உடைச்சுட்டுக் குடுத்தது. நேத்து நான் ரெண்டு கொழந்தைக்குத் தாய் சார். கொழந்தைக்கு எந்த டயப்பர் போடுறேன்னு கேட்டான். ஈரம் தாங்கல, பிராண்ட் மாத்தலாம்னு கீறேன், அப்படின்னு போட்டேன்."

மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "யோவ் டில்லி, உனக்குப் பிரசவ லீவு குடுத்தாங்களாய்யா?"

"அதெல்லாம் நமக்கு எங்க. முந்தாநாளு நான் விவசாயி. தென்னைக்கு இன்னா உரம் போடுறேன்னு கேட்டான். நம்ம வூட்டாண்ட கீற ஒரே மரம் கரண்ட் மரம்."

"டில்லி, அது தப்பு" என்றார் பூவராகன். சொன்ன குரல் தனக்கே ஆபீஸ் குரலாகக் கேட்டது. துணிக்குள் கை முஷ்டியாகியிருந்தது.

"இன்னா சார் தப்பு? கேட்டான், சொன்னேன். பொறுமையாத்தான் சொல்றேன், ஒவ்வொண்ணா படிச்சு. அவசரப்பட்டா திருப்பி அனுப்பிடுவான் சார், எவனோ ஒருத்தன் உட்கார்ந்து பார்க்குறான் போல."

எவனோ ஒருத்தன். உரம் போடாத தென்னைக்கும் பிறக்காத குழந்தைக்கும் பொறுமையாக யோசித்துப் பதில் சொன்னவனை அந்த எவனோ ஒருத்தன் நல்ல பதில் என்று உள்ளே அனுமதித்திருக்கிறான். டயப்பர் சர்வே தங்கள் கம்பெனி எடுத்ததுதான், அதை அவர் இப்போது நினைவுகூர்ந்தார், அதன் அறிக்கையில் தாய்மார்களில் கணிசமானோர் ஈரம் குறித்து அதிருப்தி என்று ஒரு வரி இருந்ததும் நினைவுக்கு வந்தது. கணிசமானோரில் எத்தனை பேர் மீசை வைத்தவர்கள். கத்த வேண்டும்போல இருந்தது, தலையில் சாயத்தோடு எழுந்து நின்று இந்தக் கடையைப் புரட்டிப் போட வேண்டும்போல, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? இவனையா? இவன் என்ன செய்தான், கேட்டான் சொன்னேன் என்கிறான், அவ்வளவுதானே எல்லாரும் செய்கிறார்கள், கேட்கிறவனுக்கு உண்மை வேண்டாம், பதில் வேண்டும், எண்ணிக்கை வேண்டும், நீலமும் பச்சையுமாக ஒரு வட்டம் வரைந்து வெட்டிக் காட்ட வேண்டும். அந்த வட்டத்தில் ஒரு மெல்லிய கீற்று இவனுடையது. நாற்பத்தொரு பேருடைய கீற்றுதான் இல்லை, ஏனென்றால் அவர்கள் விதியை மீறிவிட்டார்கள். எல்லா விதியையும். ஒரே போனிலிருந்து நாற்பத்தொரு பதில். ஒன்று முடிந்த கையோடு அடுத்தது, நடுவில் மூச்சுவிட இடைவெளி இல்லை. அறிவிக்க விரும்புவது எது என்ற கடைசிக் கேள்விக்கு நாற்பத்தொன்றிலும் ஒரே வாசகம், எழுத்துக்கு எழுத்து. ஐயா வணக்கம், மாசத்துக்கு மூன்று நாள் எங்களுக்கு முடியாத நாளில் மெஷினை விட்டு நகரக் கூடாது என்று ஒரு மாத்திரை தருகிறார்கள், என்ன மாத்திரை என்று கேட்டால் சொல்வதில்லை, சில பேருக்கு மாசமே வருவதில்லை, இதற்கு ஒரு முடிவு சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். திரை முழுக்கச் சிவப்பு. எந்திரம் எழுதியது, நீக்கலாம் என்று பரிந்துரை. பார்த்த நிமிஷம் பூவராகனுக்கும் அப்படித்தான் தோன்றியது, எவனோ போட்டி ஆலைக்காரன் ஆள் வைத்து அடித்திருக்கிறான் என்று. ஐயா வணக்கம் மட்டும் இல்லையென்றால் அப்போதே நீக்கியிருப்பார். எந்த எந்திரம் ஐயா வணக்கம் என்று ஆரம்பிக்கும். பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எது முடிக்கும்.

அது மனு. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ராத்திரி பிடித்தது, வெட்கக்கேடு. கடலூரில் இருந்தபோது திங்கட்கிழமை மனுநாளில் தெருவே கலெக்டர் ஆபீசுக்குப் போகும். சாக்கடைப் பிரச்சினைக்கு ஒரு தரம் அவரும் போயிருக்கிறார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற மனு எழுதுகிறவர் ஒரே ஒரு மனுவைத்தான் எழுதுவார், பிறகு அதையே பார்த்துப் பார்த்து எல்லாருக்கும். ஒரு வரி மாறினால் கூட ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு மட்டும் ஏன் மாத்தி எழுதினே, என் மனுவைத் தள்ளிடுவான் என்று. கலெக்டர் மனுக் கட்டை வாங்கிக் கையில் ஏந்தி இத்தனை பேரா என்று கேட்டார். கனம்தான் பேசியது. ஒருவன் சொன்னால் பொய், ஊரே ஒன்றுபோலச் சொன்னால் உண்மை. ஒரு சொல் கூட மாறாமல் சொன்னால் இன்னும் உண்மை. இந்தப் பெண்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதான், அவர்களுடைய அப்பன் ஆத்தாளுக்குத் தெரிந்த நியாயமும் அதுதான். விடுதியில் போன்களை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள், கூடையை நிறைத்தவை அவைதான், மிச்சம் ஒளித்து வைத்த ஒரே ஒரு போன். அதற்கு முன்னால் வரிசை. ஒருத்தி நகர்ந்ததும் அடுத்தவள். இடைவெளி எப்படி இருக்கும்? வரிசைக்கும் எந்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாத விதியை எழுதி வைத்துக்கொண்டு அதற்குச் சல்லடை என்று பெயரும் வாங்கிக்கொண்டோமே என்று அவருக்கு வாய் கசந்தது, சாய நெடியா என்று எச்சிலைக் கூட்டிப் பார்த்தார். இல்லை.

அவர்களில் ஒருத்தி போன் வேறு பண்ணினாள். அதைத்தான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறார், நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போவதுபோல மனம் அங்கேதான் போகிறது. கேள்விகளின் அடியில் சந்தேகம் இருந்தால் என்று ஒரு எண் கொடுப்பார்கள், அது அவருடைய மேசையில் அடிக்கும், யாரும் கூப்பிட்டதே கிடையாது. வியாழக்கிழமை கூப்பிட்டாள். தெற்கத்திப் பேச்சு, ரகசியக் குரல், பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது. சார், நாங்க அனுப்புனது வந்துட்டா சார்? எதும்மா என்று கேட்டார். அந்த மாத்திரை விசயம் சார், எல்லாரும் ஒண்ணு போலத்தான் எழுதிருக்கோம், ஒருத்தி கூட மாத்தலை, நாந்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன். அந்தக் குரலில் இருந்த பெருமை. ஒரு ஆளு சொன்னா பொய்ன்னு சொல்லிருவாவ சார், நாப்பத்தொரு பேரும் ஒண்ணு போலச் சொன்னா நம்பித்தானே ஆவணும். அவர் என்ன சொன்னார்? அம்மா, அதனால்தான் நம்ப மாட்டார்கள் என்று சொன்னாரா? வந்தது ம்மா என்றார். வந்தது. எம் பேரு முத்துப்பேச்சி சார் என்றாள், கேட்காமலே; பெயர் சொல்லக் கூடாது என்று அவர் தடுக்குமுன் சொல்லிவிட்டாள், பெயர் சொல்லாத பேச்சு பேச்சாகுமா என்று நினைத்தாளோ என்னவோ. வார்டன் வாரா, வச்சிருதேன். குழாய்ச் சத்தம் நின்றது.

வந்தது என்றால் என்ன அர்த்தம். தபால்காரன் கூட வந்தது என்பான். வந்தது, படித்தேன், இன்னும் நீக்கவில்லை. வெள்ளி முழுக்க அந்தச் சிவப்புப் பட்டியலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வைத்திரு என்று ஒரு பொத்தான், நீக்கு என்று ஒரு பொத்தான். வைத்திரு என்று அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், சார் உங்க விதியை நீங்களே மீறினா அப்புறம் நாளைக்கு யார் நம்மை நம்புவாங்க என்று கிஷோர் கேட்பான், அது நியாயமான கேள்வி. இன்னும் மூன்று வருஷம் இந்த நாற்காலி வேண்டும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு மனம், சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனம், ஒரு வேளை அந்தப் பெண் உண்மையிலேயே எவனாவது ஏவிவிட்டவளாக இருந்தால் என்று ஒரு மனம். அந்த மூன்றாவது மனத்தை அவர் வெறுத்தார், இத்தனை வருஷமாக அதற்குத்தான் சோறு போட்டு வளர்த்திருக்கிறார். யாரையும் முதலில் பொய்யன் என்று எடுத்துக்கொள், பிறகு நிரூபிக்கட்டும். டில்லிபாபு நிரூபித்துவிட்டான். தாயாக, விவசாயியாக. முத்துப்பேச்சி முத்துப்பேச்சியாகத்தான் வந்தாள், அவளால் முடியவில்லை.

"சார், இன்னும் பத்து நிமிசம். அரிக்குதா?"

"அரிக்குது."

"அரிக்கும். வயசு எறங்குதில்ல" என்றான் டில்லிபாபு. பேப்பர் பெரியவர் சிரித்தார்.

போன் ஒரு தரம் துடித்தது. அழைப்பில்லை, செய்தி. துணிக்குள்ளிருந்து கையை எடுத்து, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்; காதோரம் சில்லென்று சாயம் ஒட்டியது. கம்பெனியின் செயலி அனுப்பியிருந்தது. திரு. பூவராகன் அவர்களே, நாற்பத்தொரு போலிப் பதில்களை நீக்குவதற்கான தங்கள் ஒப்புதல் பெறப்பட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டது. தங்கள் கவனமான பணிக்கு நன்றி. ஒரு தரம் படித்தார். தங்கள் ஒப்புதல். தன்னையறியாமல் அழுத்திவிட்டோமா என்று முதலில் தோன்றியதுதான் வேடிக்கை, வெள்ளிக்கிழமை திறந்து மூடினபோது விரல் பட்டிருக்குமோ என்று. அப்புறம் டில்லிபாபுவின் உரத்த குரல் காதில் எண் எண்ணாக வந்து விழுந்தது. பால் பாக்கெட் ஃபைல். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, வங்கி மேனேஜர் கேட்டாலும் சொல்லாதே என்று மங்கையர்க்கரசிக்கும் நித்திலாவுக்கும் தினம் பாடம் நடத்துகிறவர், சலூனே கேட்க அதைப் படிக்க விட்டிருக்கிறார். ரத்தம் தலைக்கு ஏறியது, சாயத்துக்கு அடியில் தலை மொத்தமும் கொதித்தது.

கிஷோர் முதல் மணியிலேயே எடுத்தான்.

"என் பேர்ல யார் ஒப்புதல் கொடுத்தது?"

"சார், டென்ஷன் ஆகாதீங்க. நீங்க லீவு. க்ளையன்ட் ரெண்டு தரம் கேட்டுட்டாங்க. நான்தான் போட்டுவிட்டேன்."

"உன் பேர்ல போட வேண்டியதுதானே."

"உங்க பேருக்குத்தான் சார் மதிப்பு. சல்லடை பார்த்ததுன்னா அவங்க திருப்பிக் கேட்க மாட்டாங்க." பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்துச் சொன்னான். "அதுவும் இல்லாம, நீங்க இருந்தாலும் அதைத்தானே சார் பண்ணியிருப்பீங்க? உங்க ரூல்தானே."

"அது எனக்கும் கடவுளுக்கும் தெரிய வேண்டியது. உனக்கெப்படித் தெரியும்?"

"சார், ஒரு சின்ன விஷயம்."

"நான் சொல்லாததை நான் சொன்னதா அனுப்பியிருக்கே. அதுக்கு நம்ம ஆபீஸ்ல என்ன பேரு வச்சிருக்கோம் கிஷோர்?"

"திங்கட்கிழமை பேசலாம் சார்" என்று வைத்துவிட்டான்.

பூவராகனுக்குக் கை நடுங்கியது. எத்தனை துணிச்சல், எத்தனை துணிச்சல், என் பேரை எடுத்து, என் வாயில் ஒரு சொல்லைத் திணித்து, என்று உள்ளே ஒன்று சுற்றிச் சுற்றி வந்து மோதியது, கதவு சாத்தின அறைக்குள் மாட்டிய குருவிபோல. அந்தச் சுற்றலின் நடுவே, மெல்ல, யாரோ தோளைத் தட்டிக் கேட்பதுபோல ஒரு கேள்வி வந்தது: நாற்பத்தொரு பேருடைய வாயை அடைக்கப் போகிறோம் என்று தெரிந்து ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தாயே, அப்போது கை நடுங்கியதா? வெள்ளிக்கிழமை ராத்திரி நன்றாகத்தானே சாப்பிட்டாய், வத்தக்குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாய். உன் ஒரு சொல்லை ஒருத்தன் மாற்றினான் என்றதும் பூமி பிளக்கிறது. இந்தக் கோபம் யாருக்காக? அவளுக்காகவா, உன் பெயருக்காகவா? அவரால் சொல்ல முடியவில்லை. பிரித்துப் பார்க்க முயன்றார், இது இவ்வளவு அது இவ்வளவு என்று, தொழில் புத்தி. பிரியவில்லை, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கசகசவென்று வந்தது. கிஷோர் சொன்னது பொய்யில்லையோ என்ற பயம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ. நாலு மணிக்கு, சாயம் கழுவிப் பளபளவென்று, வீட்டில் காபி குடித்துக்கொண்டே, நீக்கு. இருக்கலாம். நிச்சயமாக இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் செய்யவில்லை. செய்யாத ஒன்றைத்தான் அவன் செய்ததாக்கினான், அந்தச் சின்ன இடுக்கு ஒன்றுதான் மிச்சம், அதில் காலை ஊன்றிக்கொள்ள வேண்டியதுதான், கோபம் யாருக்காக என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சுத்தமான கோபம் வரும்வரை காத்திருந்தால் அந்தப் பெண்கள் இன்னும் எத்தனை மாசம் மாத்திரை விழுங்குவது.

எழுதினார். ஒரே விரலால், சௌந்தரவல்லி அம்மாளுக்கு நேராக. சற்று முன் என் பெயரில் வந்த ஒப்புதல் நான் கொடுத்ததல்ல. அந்த நாற்பத்தொரு பதில்களையும் நீக்கக் கூடாது, அவை தனித்தனி ஆட்களுடையவை. மற்ற முந்நூறைத்தான் சந்தேகப்பட வேண்டும், அவை வந்த நேரங்களைப் பாருங்கள். பூவராகன். இரண்டாம் தரம் படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்ததால் படிக்காமல் அனுப்பினார்.

"சார், டைம் ஆச்சு. கழுவிடலாமா?"

"இரு டில்லி."

"ரொம்ப வுட்டா எரியும் சார்."

"எரியட்டும், இரு."

போன் அடித்தது. சௌந்தரவல்லி அம்மாள், கோயம்புத்தூர்ப் பேச்சு, பின்னால் ஏதோ ஏர்போர்ட் அறிவிப்பு.

"பூவராகனுங்களா? உங்ககிட்ட இருந்து ரெண்டு வந்திருக்குதுங்க. ஒண்ணு நீக்குன்னு, ஒண்ணு நீக்காதேன்னு. எதை எடுத்துக்கறதுங்க நாங்க?"

"ரெண்டாவதை எடுத்துக்கங்க. மொதல்ல வந்தது நான் இல்லை."

"சரி, அது உங்க ஆபீஸ் சண்டை, நான் அதுக்குள்ள வரலைங்க. முந்நூறை விடுங்க, நேரத்தை நான் பாக்கறேன். இந்த நாப்பத்தொண்ணு. ஒரே போனு, ஒரே வாசகம். இதை வச்சுக்கணும்னா நான் காரணம் எழுதணுங்க. அவங்க நெஜ ஆளுங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயில் வந்துவிட்டது. ஒரு பொண்ணு என்கிட்ட பேசினா, என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதைவிட நல்ல ஆதாரம் இந்த உலகத்தில் இல்லை, ஒரு குரல், ஒரு பெயர், நேரம், எண். சொன்னால் அடுத்த கேள்வி எந்த எண் என்பதாக இருக்கும். காரணம் அறிக்கையில் ஏறும். அறிக்கை ஆலைக்கும் போகும், பதில் சொல்ல அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது முறை. அன்று சாயங்காலமே விடுதியில் பெட்டிகளைக் கொட்டிச் சோதிப்பார்கள், அரிசி டப்பாவுக்குள்ளோ தலையணைக்குள்ளோ அந்த ஒரே ஒரு போன் அகப்படும். அவளை நிஜம் என்று நிரூபிக்கிற அதே ஆதாரம் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அவர் முன்னால் நின்று, சார் சத்தியமா நான் வீட்டுக்குப் போய்த்தான் கேட்டேன் சார் என்று சொல்லியிருப்பார்கள். ஒருவனிடமாவது சரி போ, உன் வார்த்தை போதும் என்று சொன்னதுண்டா.

"ஆதாரம் கிடையாதுங்க" என்றார்.

"கிடையாதுன்னா?"

"கிடையாது. நான் சொல்றேன். அவங்க நெஜ ஆளுங்க. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

"அதை எப்படிங்க நான் எழுத முடியும்? வெறும் வாய்ச்சொல்லு."

"என் பேரைப் போட்டு எழுதுங்க. இவர் பொறுப்புன்னு எழுதுங்க."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "மில்லுல இருந்து விட மாட்டாங்க. யாரு சொன்னா, எப்படிச் சொன்னான்னு கேப்பாங்க. உங்க ஆபீஸ்லயும் கேப்பாங்க. உங்களைத்தான் கேப்பாங்க, வேற யாரையும் கேக்க முடியாது."

நெற்றியிலிருந்து ஒரு கறுப்புத் துளி புருவத்தில் இறங்கிக் கண்ணில் எரிந்தது. அவர் துடைக்கவில்லை.

"அதுக்குத்தான் சொல்றேன். என்னைக் கேட்கட்டும்."

எதிர்முனையில் அவள் பேனாவைத் திறக்கிற ஓசை கேட்டது.

"இனிஷியல் என்னங்க?"

"கோ" என்றார். "கோ. பூவராகன்."